கறுப்பு விழுந்த ஆடுகள்

அவருக்கு இரண்டு குதிகாலிலும் பித்தவெடிப்பு இருந்தது. மலைச் சரிவுகளில் வருடக்கணக்காக நடந்து வாங்கிய வெடிப்பு. சில இடத்தில் ரத்தமே கசியும். பார்க்கப் பொறுக்காமல் ஒரு டப்பி களிம்பு கொடுத்தேன். சில நாள் கழித்துப் பார்த்தால் மனிதர் வலது காலை நொண்டிக்கொண்டு வருகிறார்.

“இன்னா சார், களிம்பு தீந்துபோச்சா?”

“இல்ல சிஸ்டர், கீது. எடது காலுக்கு மட்டும்தான் போடறேன்.”

“வலது கால் இன்னா பாவம் பண்ணுச்சி?”

“ரெண்டுக்கும் போட்டுட்டா, ஆறுனது களிம்பாலயா, மழ பெஞ்சி தோல் ஊறுனதாலயான்னு எப்படித் தெரியும்? ஒண்ணத் தொடாம வுட்டாதான் இன்னொண்ணப் பத்திப் பேச முடியும்.”

அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது ஒரு மாதிரியாக இருக்கிறது.

எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலையில் ஒரு சின்ன ஊரில் நான் நர்சாக இருந்தேன். சொந்த ஊர் போளூர். அவர் கால்நடை மருத்துவர். செங்கத்தில் மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள். எப்போதாவது போய்ப் பார்த்துவிட்டு வருவார். அரசாங்கம் கட்டிவிட்ட ஓட்டுக் கட்டடம் ஒன்றில் ஒரு அறை மனிதர்களுக்கு, இன்னொரு அறை ஆடுமாடுகளுக்கு. என் வாசலில் குழந்தைகள் அழும்; அவர் வாசலில் கன்றுகள் கத்தும். மின்சாரம் இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். ஐஸ் பெட்டி கிடையாது. தடுப்பூசி மருந்து வேண்டுமென்றால் போளூரில் இருந்து ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் பஸ்ஸில் வரவேண்டும். பல நாள் அவர் மருந்தும் என் மருந்தும் ஒரே ஐஸில்தான் மலை ஏறின.

ஒல்லியான ஆள். கொஞ்சம் கூன். கையில் எப்போதும் பினாயில் வாடை. மனிதர்களிடம் அளந்துதான் பேசுவார். ஆடுகளிடம் வேறு மாதிரி. “வாங்கம்மா, வாங்க. ஒண்ணியும் பண்ண மாட்டேன். தோ, முடிஞ்சிபோச்சி” என்று மரியாதையாகப் பேசிக்கொண்டே ஊசியை இறக்குவார். தாசில்தார் வந்தால்கூட அவர் வாயில் அத்தனை ‘ங்க’ வராது.

எதை யார் சொன்னாலும் அவரிடம் இருந்து ஒரே கேள்விதான் வரும்: “தொடாதது எங்க?” பஸ் நிற்கும் இடத்தில் வாணியம்பாடி பாய் ஒருவர் டீக்கடை வைத்திருந்தார். பால் திரியாமல் இருக்கப் பானையில் ஒரு செப்புக்காசு போட்டு வைப்பார். அவருடைய வாப்பா சொல்லிக்கொடுத்த வித்தையாம். டாக்டர் அதைக் கேட்டுவிட்டு, அதே பாலில் பாதியைக் காசு போடாமல் வேறு பானையில் ஊற்றி வைக்கச் சொன்னார். மத்தியானம் இரண்டு பானையும் திரிந்துபோயிற்று.

“ரெண்டு பானையும் போச்சி சார். திருப்திதானா?” என்றார் பாய்.

“காசுக்கும் பாலுக்கும் சம்பந்தம் இல்லன்னு தெரிஞ்சிச்சா இல்லியா?”

“அது தெரிஞ்சி எனக்கு இன்னா ஆவணும்? இப்ப டீ போடப் பால் இல்ல.”

டாக்டர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. கறுப்புத் தேநீரை வாங்கிக் குடித்துவிட்டு உற்சாகமாக நடந்தார். தெரிந்துகொண்டது போதும் அவருக்கு. அதற்காகத் திரிந்துபோன பாலை அவர் பார்க்கவில்லை. பாயின் எரிச்சலையும் பார்க்கவில்லை.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை அவரே சொன்னார். மலைக்கு வருவதற்கு முன், சமவெளியில் ஒரு ஊரில் மாடுகளுக்கு நோய் வந்திருக்கிறது. ஓடிப்போய் ஊர் மாடுகளுக்கெல்லாம் ஊசி போட்டார். மறுநாளில் இருந்து மாடுகள் சரிய ஆரம்பித்தன. ஊரே திரண்டு வந்து அவரை அடித்து, சைக்கிளை உடைத்துக் கிணற்றில் போட்டதாம்.

“அடிச்சது எனக்குப் பெரிசு இல்ல சிஸ்டர். நோய்லதான் செத்துதா, நான் போட்ட ஊசியாலயா? எனக்கே தெரியல. எல்லா மாட்டுக்கும் போட்டுட்டேனே, அப்புறம் எதப் பாத்துச் சொல்றது? இன்னிக்கி வரைக்கும் தெரியல.”

சொல்லும்போது குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஆனால் கையில் இருந்த பஞ்சைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டே இருந்தார்.

எங்கள் மலையில் வருடாவருடம் புதுமழைக்குப் பிறகு ஆடுகள் சாகும். காலையில் துள்ளிக்கொண்டு மேயப் போன ஆடு, சாயங்காலம் இரண்டு குதி குதித்து விழுந்து, கால்களை உதறி உதறி அடங்கிவிடும். நோஞ்சான் ஆட்டை அது தொடாது. நன்றாகத் தின்று கொழுத்த ஆடாகப் பார்த்து விழத்தட்டும். “காத்து அடிச்சிடுச்சி” என்பார்கள் மலைக்காரர்கள். டாக்டர் அதைத் துள்ளுமாரி என்றார். மழைக்கு முளைக்கிற இளம்புல்லை ஆடு வயிறுமுட்டத் தின்னும்போது குடலுக்குள் ஒரு கிருமி பெருகி விஷம் கக்குகிறது, அதற்கு ஊசி இருக்கிறது என்றார்.

ஊர் கேட்கவில்லை. அவருக்கு முன்னால் இருந்தவர், நோய் வந்த பிறகு அவசரமாக வந்து ஊசி போட்டிருக்கிறார். ஊசி போட்ட ஆடுகளும் செத்தன. அதில் இருந்து, ஊசிதான் ஆட்டைக் கொல்கிறது என்று மலை முழுவதும் பேச்சு. மேலிடத்திலும் அக்கறை இல்லை. மலை ஆடுகள் நல்ல தீவனம் இல்லாமல் சாகின்றன, மருந்தை வீணாக்க வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். கேட்டதில் பாதி மருந்துதான் வந்தது.

அவருக்கு அது பாதியாகத் தெரியவில்லை. முகம் மலர்ந்துவிட்டது.

சாமை அடிக்கும் களத்தில் ஊரைக் கூட்டினார். நானும் போயிருந்தேன். ஊர்க்கவுண்டர் எழுந்து கேட்டார்: “ஊசி போட்டாலும் சாவுது, போடலன்னாலும் சாவுது. பின்ன ஊசி இன்னாத்துக்கு?”

“அதத்தாங்க நானும் கேக்கறேன். பாதிக்குப் போடுவோம். பாதியத் தொடாம வுடுவோம். எல்லாம் ஒண்ணாவே மேயட்டும், ஒரே தண்ணி குடிக்கட்டும். மழ முடிஞ்சதும் எண்ணிப் பாப்போம். ஊசி கொல்லுதுன்னா நானே மூட்ட கட்டிக்கினு கீழ போயிடறேன்.”

கடைசியாகச் சொன்னது ஊருக்குப் பிடித்திருந்தது. ஒத்துக்கொண்டார்கள்.

எந்த ஆட்டுக்கு ஊசி, எதற்கு இல்லை என்பதை அவர் முடிவு செய்ய மாட்டார். ஆட்டுக்காரரும் செய்யக்கூடாது. “நான் பொறுக்குனா நல்ல ஆடாப் பாத்துப் பொறுக்குவேன். நீங்க பொறுக்குனா நோஞ்சானத் தள்ளிவுடுவீங்க.” ஒரு புளியங்கொட்டையை எடுத்து ஒரு பக்கத்தைக் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கினார். வெள்ளை விழுந்தால் ஊசி, காதில் ஒரு சிறு துளை. கறுப்பு விழுந்தால் ஆட்டை அப்படியே விட்டுவிடுவது. தாயம் ஆடுகிற மாதிரி ஒவ்வொரு ஆட்டுக்கும் கொட்டையை உருட்டினார். களத்தில் ஒரே கூத்தும் சிரிப்பும். வெள்ளை விழுந்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். கறுப்பு விழுந்தவர்கள் கும்பிட்டார்கள்.

வெள்ளச்சியின் ஆடுகளுக்கு வரிசையாகக் கறுப்பே விழுந்தது. கடைசியில் ஒரே ஒரு கிழட்டு ஆட்டுக்குத்தான் வெள்ளை.

வெள்ளச்சி புருஷன் இல்லாதவள். ஆடுகளும் ஒரு மகளும்தான் அவளுக்கு. தழை ஒடித்துப் போட்டு ஆடுகளைப் பளபளவென்று வைத்திருப்பாள். மகள் பள்ளிக்கூட விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள், கெட்டிக்காரி. பத்தாவது முடித்தால் நர்சு வேலைக்குச் சேர்த்துவிடுவதாக நான் சொல்லி வைத்திருந்தேன். “ஆடு கீறவரைக்கும் அவ படிக்கட்டும் நர்சம்மா” என்பாள் வெள்ளச்சி. அன்றைக்குக் களத்தில் அவள் சிரித்த சிரிப்பு ஊருக்கே கேட்டது.

“பாத்தீங்களா நர்சம்மா, சாமி எம் பக்கம்!”

டாக்டரும் சிரித்தார். அவருக்கு எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

ஆடி பிறந்ததும் மழை பிடித்தது. மலை பச்சையாயிற்று. முதலில் ஊர்க்கவுண்டர் வீட்டு ஆடு ஒன்று விழுந்தது. காதில் துளை இல்லாதது. அடுத்து இன்னொரு வீட்டில் ஒன்று. அதற்கும் துளை இல்லை. ஊரில் பேச்சு அடங்கிப்போனது. ஆட்டின் காதைப் பிடித்துப் பார்ப்பதே எல்லாருக்கும் வேலையாகிவிட்டது.

அந்த வாரம் போளூரில் இருந்து பிளாஸ்க் வந்தது. மேலிடத்தில் யாருக்கோ மனசு வந்து, மீதி மருந்தை அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் இருந்து அவர் அதை இறக்கும்போதே வெள்ளச்சி பார்த்துவிட்டாள். சேற்றுக்காலோடு எங்கள் வாசலுக்கு ஓடி வந்தாள்.

“சார், எம் ஆட்டுக்கும் போட்டுடுங்க சார்.”

அவர் பிளாஸ்க்கை மேசைமேல் வைத்தார். “இப்பப் போட்டா உடனே வேல செய்யாதும்மா. ரெண்டு மூணு வாரம் ஆவும். நோய் ஊருக்குள்ள வந்துட்டுது. ஊசி போட்ட மறுநாள் ஆடு வுழுந்தா இன்னா சொல்லுவீங்க? ஊசிதான் கொன்னுச்சின்னு சொல்லுவீங்க. மலையில அப்பால ஒருத்தரும் ஊசி போட வுட மாட்டாங்க.”

“நான் சொல்ல மாட்டேன் சார். எம் மக மேல சத்தியமா சொல்ல மாட்டேன்.”

“நீ சொல்ல மாட்ட. ஊர் சொல்லும். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கோம்மா. மழ நிக்கட்டும்.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வந்த வழியே போய்விட்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. “சார், இது கொழந்தைங்களா இருந்தா இப்படி வெச்சிக்கினு ஒக்காந்திருப்பீங்களா?”

“கொழந்தைங்களுக்கு நீங்க ஊசி போடறீங்களே சிஸ்டர், அந்த ஊசி எப்படி வந்துச்சி? எங்கியோ ஒரு ஊர்ல பாதிக் கொழந்தைங்களுக்குப் போடாம வெச்சிப் பாத்துதான் வந்திருக்கும். அந்தப் பாதியப் பத்தி நீங்க என்னிக்காவது யோசிச்சிருக்கீங்களா?”

நான் என் ஊசிகளை எடுத்துக் கொதிநீரில் போட்டேன். அந்தப் பாதியை இன்றைக்கும் யோசிக்கிறேன்.

“நிறுத்திட்டா எல்லாம் போச்சி. செத்ததும் வீணாப் போச்சி. அடுத்த வருசம் இதே மாதிரி மலை பூராவும் சாவும். அதுக்கடுத்த வருசமும் சாவும்” என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் என்னைப் படுத்தியது.

மருந்தை அவர் வீணாக்கவில்லை. ஐஸ் கரைவதற்குள் அந்த பிளாஸ்க்கைத் தோளில் மாட்டிக்கொண்டு, நோய் இன்னும் எட்டாத அடுத்த ஊருக்கு மழையிலேயே நடந்தார். அவர் பேச்சை நம்பி ஒத்துக்கொண்ட நாலைந்து வீட்டு ஆடுகளுக்குப் போட்டார். போகிற வழி வெள்ளச்சி வீட்டை ஒட்டித்தான். அவள் வாசலில் நின்று பிளாஸ்க் போவதைப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பாய் கடையில் இருந்து நான் பார்த்தேன்.

பிறகு அவள் ஆடுகள் விழுந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, நல்ல ஆடுகளாகப் பார்த்து. செத்த ஆடு ஒவ்வொன்றையும் அவர் வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். அறுத்துப் பார்த்தால்தான் எந்த நோய் என்று உறுதியாகும். தூக்கி வந்தது வெள்ளச்சியேதான். தோளில் இருந்து இறக்கிப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நிற்பாள். அவர் வயிற்றைக் கீறி, சிறுநீரகத்தை எடுத்து விரலால் அழுத்துவார். கூழாகக் குழைந்து வரும்.

“அதேதான்” என்பார், தனக்குத்தானே.

வெள்ளச்சி ஒரு தடவையும் அழவில்லை. ஒரு தடவை மட்டும், “அது செனை சார்” என்றாள். அவர் கத்தியை நிறுத்திவிட்டுக் கையைக் கழுவப் போனார். திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று.

மழை முடிந்ததும் எண்ணிப் பார்த்தார்கள். காதில் துளை போட்ட ஆடுகள் ஏறக்குறைய அத்தனையும் மேய்ந்துகொண்டிருந்தன. தொடாமல் விட்டவற்றில் நல்லவை எல்லாம் மண்ணுக்குள். ஊர்க்கவுண்டர் களத்தில் எழுந்து, “ஊசி நல்லதுதாம்பா. அடுத்த வருசம் எல்லாத்துக்கும் போடணும்” என்று அறிவித்தார். மேலிடத்திலும் ஒத்துக்கொண்டார்கள். அவர் ஆயுசில் கேட்ட கேள்விகளிலேயே பெரிய கேள்விக்குச் சுத்தமான பதில் கிடைத்துவிட்டது. அன்று பகலும் அவர் சாப்பிடவில்லை, இரவும் சாப்பிடவில்லை.

வெள்ளச்சி வீட்டில் மிஞ்சியது அந்தக் கிழட்டு ஆடு ஒன்றுதான். குடகு எஸ்டேட்டுக்கு ஆள் பிடிக்க வந்த மேஸ்திரியோடு மகளை மிளகு பறிக்க அனுப்பிவிட்டாள். விடுதியில் இருந்து அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போன அன்று, அவள் என் அறை வாசலில் நின்று, “போய்ட்டு வர்றேன் சிஸ்டர்” என்றாள். வரவில்லை. அங்கேயே யாரையோ கட்டிக்கொண்டாள் என்று பிறகு சேதி வந்தது.

அவள் போன சில நாளில் டாக்டர் செங்கம் சந்தையில் ஒரு செனை ஆட்டைப் பிடித்து, கண்டக்டர் பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்றதால் மலைப்பாதையில் நடத்தியே கொண்டுவந்தார். வெள்ளச்சி வீட்டு முளையில் கட்டிவிட்டு வந்தார். விடிந்ததும் ஆடு எங்கள் கட்டடத்துத் தூணில் கட்டிக் கிடந்தது. கேட்கப் போனவரிடம், “எம் புள்ள போனதுக்கப்பால எனக்கு ஆடு இன்னாத்துக்கு சார்?” என்றாளாம். அதைப் பாய் வளர்த்தார்.

ஒரு சாயங்காலம் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து அவர் தானாகவே பேசினார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

“தப்பு மொதல்லியே நடந்துபோச்சி சிஸ்டர். புளியங்கொட்டைக்கு வூடு தெரியாது. வூட்டுக்குப் பாதின்னு பிரிச்சிக்கினு, அதுக்குள்ள கொட்டைய உருட்டியிருக்கணும். எல்லா வூட்லயும் பாதி பொழச்சிருக்கும். கணக்கு இன்னும் சுத்தமாவே வந்திருக்கும். புத்தகத்துல இருக்கற விசயம்தான்.”

“அப்ப ஏன் சார் தோணல?”

“நான் ஆட்டப் பாத்தேன். வூட்டப் பாக்கல.”

மடித்த துணியை அடுக்கி வைத்துவிட்டு நான் கேட்டேன்: “அன்னிக்கி பிளாஸ்க் வந்தப்ப போட்டிருந்தா அவ ஆடுங்க பொழச்சிருக்குமா?”

“தெரியாது.”

“உங்க மனசுக்கு இன்னா தோணுது?”

“மனசுக்குத் தோணறத வெச்சி இன்னா பண்றது? போட்டுப் பாத்திருந்தாதான் தெரியும். போடலியே.” எழுந்து உள்ளே போனார். அதன்பிறகு அவர் யாரிடமும், எதைப் பற்றியும், “தொடாதது எங்க?” என்று கேட்டு நான் பார்த்ததில்லை. பாய் மறுபடியும் பானையில் செப்புக்காசு போட ஆரம்பித்தார். அவர் பேசாமல் டீ குடித்துவிட்டு வருவார்.

அதற்கடுத்த ஆண்டின் நடுவில் அவருக்கு மாற்றல் வந்தது. மதுரைப் பக்கம் எங்கோ. அப்புறம் தகவல் இல்லை. நானும் சில வருடத்தில் கீழே இறங்கிவிட்டேன். மலை ஆடுகளுக்கு இன்றைக்கும் மழைக்கு முன்னால் ஊசி போடுகிறார்கள். ஆடுகள் சாவதில்லை. அது எப்படி வந்தது என்று அங்கே யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

மாற்றலுக்கு முன் அவர் நடத்திய கடைசி முகாம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கோடைவெயில். சுற்றுவட்டாரத்து ஊர்களில் இருந்தெல்லாம் ஆடுகள் வந்து களம் கொள்ளவில்லை. வரிசையில் தள்ளுமுள்ளு. வெள்ளச்சி அப்போது ஊர்க்கவுண்டரின் ஆடுகளைக் கூலிக்கு மேய்த்துக்கொண்டிருந்தாள். அவற்றை ஓட்டிக்கொண்டு வந்து வரிசையில் நின்றாள். அவள் முறை வந்ததும் அவர் தலை நிமிரவில்லை. அவள் ஒவ்வோர் ஆடாகப் பிடித்துக் கொடுத்தாள். அன்று அவர் ஆடுகளிடமும் பேசவில்லை.

பாதி ஆடுகள் முடிந்திருக்கும். ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே, அவளைப் பார்க்காமல் கேட்டார்: “எம் மேல கோவமாம்மா?”

“கோவம் இன்னா சார்.” அவள் குரலில் ஒன்றும் இல்லை. “ஊசி பொய்யா இருந்திருந்தா எனக்கு ஆறியிருக்கும். எதுவும் பண்ண முடியாது, நம்ம தலையெழுத்துன்னு வுட்டிருப்பேன். இது நல்ல ஊசி சார். அதான் தாங்கல.”

ஏற்றிய ஊசி அவர் கையிலேயே இருந்தது. பின்னால் யாரோ, “சீக்கிரம் ஆவட்டும், வெயில் ஏறுது” என்று குரல் கொடுத்தார்கள். வெள்ளச்சி அடுத்த ஆட்டை இழுத்து, அதன் முகத்தைத் தன் இடுப்போடு சேர்த்து அணைத்துப் பிடித்துக்கொண்டு, “போடுங்க சார்” என்றாள்.